கன்சிஸ்ட் டேஷ்

பீட்டர்ராஜ் வீட்டில் தமிழில் யோசிப்பதற்குத் தடை இருந்தது. பேசலாம், ஜெபம் சொல்லலாம், குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை போடலாம். எல்லாம் தமிழில்தான். ஆனால் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்துவிட்டால், தமிழைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். அப்படி ஒரு சட்டத்தை அவன் போட்டிருந்தான். அதை மீறக்கூடியவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர். மனைவி ஜெயமேரி, நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் கிளாரா.

சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் பதினாலு வருடமாக அவன் ஆங்கில வாத்தியார். தேவாரத்திலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிப் போவான். கேள்வித்தாளில் கோடிட்ட இடம் வந்தால் அதை 'டேஷ்' என்று படிப்பது எல்லா வாத்தியாருக்கும் உள்ள பழக்கம்தான். இவன் மட்டும் அந்த டேஷை நீட்டி, சற்று நிறுத்தி, வகுப்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவான். அதனால் பிள்ளைகள் அவனுக்கு டேஷ் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவன் காதுக்கும் வந்திருந்தது. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அவனுக்கு அதில் பெருமைதான்.

அவன் ஆங்கிலத்தில் மற்ற எதையும்விட முன்னிடைச் சொற்களில் கெட்டிக்காரன். இன், ஆன், அட், ஆஃப் என்று அந்தப் பொடிச் சொற்கள் இருக்கின்றனவே, பெரிய பெரிய படிப்பாளிகளைக் கவிழ்த்துவிடுகிற சொற்கள், அவற்றில் தன்னை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தான். நம் ஆட்கள் அதில் ஏன் தோற்கிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"நம்ம ஆளுகளுக்கு எல்லாத்துக்கும் ஒரே 'ல'தான். பாயில, வீட்டுல, காலையில, பஸ்ஸுல. வெள்ளைக்காரன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொல்லு வச்சிருக்கான். இந்த 'ல'வ நம்பி எறங்குனா அவ்வளவுதான்" என்பான்.

ஜெயமேரி இதைக் கல்யாணமான பதினோரு வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று கணக்கில்லை. கணக்கு அவளுக்கு நன்றாக வரும், பி.எஸ்சி. கணிதம் படித்தவள். படித்தவள் என்பதால் தேவாரத்தில் அவளுக்காக வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. கருத்தக்கண்ணனின் ஏலக்காய்க் கடையில் மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, முறத்தில் ஏலக்காயைக் கொட்டி, பெரிசு வேறு, சிறிசு வேறு, வெடித்தது வேறு என்று பிரிப்பாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை மடக்கிய கால் மடக்கியபடிதான். முப்பது தாண்டியதுமே முழங்கால் வலி வந்துவிட்டது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள்.

மத்திய அரசு எழுத்தர் தேர்வை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கிலும் பொது அறிவிலும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சிக்கல் ஆங்கிலத்தில்தான். ஐம்பதுக்கு இருபது எடுத்தால்தான் மற்ற மதிப்பெண்ணையே கூட்டிப் பார்ப்பார்கள். முதல் தடவை பதினாறு வாங்கினாள். இரண்டாம் தடவை பதினெட்டு. இது மூன்றாவது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அத்தோடு அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

"பெரிய ஆபீசரு ஆகணும்னெல்லாம் எனக்கு ஆசையில்லைங்க. ஒரு நாற்காலியில உக்காந்து வேல பாக்கணும், அவ்வளவுதான்" என்று ஒருநாள் சொன்னாள். பீட்டர்ராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆள் கொஞ்சம் அலட்டல் பேர்வழியே தவிர, மனைவிமேல் உயிரை வைத்திருந்தவன்தான்.

ஆகவே தினமும் விடிகாலை எழுந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். எந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் எந்த முன்னிடைச் சொல் வரும் என்று நூற்றிருபது எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினான். அவள் தோசை ஊற்றிக்கொண்டே ஒப்பிப்பாள். டிபெண்ட் ஆன். பிலாங் டு. கன்சிஸ்ட் ஆஃப். யோசித்து நின்றால் அதட்டுவான். யோசிக்கிறாள் என்றால் தமிழில் யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் அவள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய மாதிரித் தேர்வுப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்தைக் காட்டினாள். அதில் கன்சிஸ்ட்டுக்குப் பின்னால் 'இன்' இருந்தது. இப்படியும் வருமா என்று கேட்டாள். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பீட்டர்ராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே எட்டிப் பார்த்துவிட்டு, அச்சுப்பிழை என்று சொல்லிவிட்டான். கன்சிஸ்ட் என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆஃப், வேறு பேச்சே இல்லை என்றான். அவள் அந்தப் புத்தகத்தில் பென்சிலால் 'இன்'னை அடித்து 'ஆஃப்' என்று திருத்தி வைத்தாள். நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாதுதான். பின்னால் படிக்கிறவர்கள் ஏமாந்துவிடக்கூடாதே என்ற நல்லெண்ணம்.

தேர்வு ஜூன் மாதம் மதுரையில் நடந்தது. கிளாராவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். கம்ப்யூட்டரில் எழுதுகிற தேர்வு. வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு நிம்மதி. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரத்தில் அவளை உட்காரவைத்து, ஆங்கிலத்தில் ஞாபகம் இருக்கிற கேள்வியை எல்லாம் கேட்டான். யோகாவைப் பற்றி ஒரு பத்தி வந்திருந்ததாம். நடுநடுவே ஐந்து கோடிட்ட இடம். ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு முன்னிடைச் சொற்கள், அதில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாயில் உட்கார்வதற்கு 'ஆன்' போட்டிருந்தாள். காலைக்கு 'இன்' போட்டிருந்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். நாலாவது இடத்துக்கு வந்ததும் அவள் சிரித்தாள்.

"யோகா டஸ் நாட் கன்சிஸ்ட் டேஷ் பெண்டிங் தி பாடின்னு வந்துச்சுங்க. படிச்சவொடனே என்னமோ 'இன்'னுதான் தோணுச்சு. அதத்தான் வச்சேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. 'ஆஃப்'புக்கு மாத்திட்டேன்."

பீட்டர்ராஜ் தொடையில் தட்டினான். அதுதான் பொறி, அந்தப் பொறியில் ஆயிரம் பேர் விழுந்திருப்பார்கள், நீ தப்பித்துவிட்டாய் என்றான். ஆண்டிபட்டியில் பஸ் நின்றபோது இறங்கி ஓடிப்போய் அவளுக்குப் பால்கோவா வாங்கி வந்தான். பதினோரு வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததில்லை. அன்று ராத்திரி அவனுக்குத் தன்மேலேயே மரியாதை கூடியிருந்தது.

ஜூலையில் விடைக்குறிப்பை இணையத்தில் போட்டார்கள். இறுதியானது அல்ல, அதில் தவறு என்று நினைத்தால் மூன்று நாளுக்குள் புத்தக ஆதாரத்தோடு மறுப்பு எழுதலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஜெயமேரி கடையிலேயே போனில் பார்த்துக் கூட்டிவிட்டாள். ஆங்கிலத்தில் பத்தொன்பது.

பள்ளியிலிருந்து திரும்பி வந்தவனிடம் அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. கண் பளபளக்க நின்றாள். யோகா கேள்விக்கு 'இன்' என்று தப்பாகப் போட்டிருக்கிறார்கள், அந்த ஒரு மார்க்கை வாங்கிவிட்டால் இருபது ஆகிவிடும், உடனே எழுதிப் போடுங்கள் என்றாள். சொல்லிவிட்டுக் கிளாராவைக் கூட்டிக்கொண்டு மாலை ஜெபமாலைக்குக் கோவிலுக்குப் போனாள்.

அவன் உற்சாகமாகத்தான் உட்கார்ந்தான். ஆதாரத்துக்கு அலமாரி மேலிருந்து டிக்சனரியை எடுத்தான். கல்லூரியில் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்த பரிசு அது. ஒரு செங்கல் கனம் இருக்கும். கன்சிஸ்ட் என்ற சொல்லைத் தேடிப் பிடித்தான். முதல் வரியில் கன்சிஸ்ட் ஆஃப். இன்னின்ன பொருள்களால் ஆனது என்று அர்த்தம் போட்டிருந்தது. பார்த்தாயா என்று யாரும் இல்லாத வீட்டில் சத்தமாகவே சொன்னான். அதற்குக் கீழே இரண்டாவது வரி இருந்தது. கன்சிஸ்ட் இன். ஒன்று எதில் அடங்கியிருக்கிறதோ, அதைச் சொல்வதற்கு. உதாரணமும் கொடுத்திருந்தார்கள்.

நாலு தடவை படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவது தடவையும் படித்தான். போனை எடுத்து வேறு இரண்டு அகராதியில் தேடினான். அங்கேயும் அதே கதைதான். யோகா வளைப்பதால் ஆனதா என்று அந்த வாக்கியம் கேட்கவில்லை. யோகா எதில் இருக்கிறது என்று சொல்கிறது. 'இன்'தான் சரி. விடைக்குறிப்பு போட்டவனுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. பீட்டர்ராஜுக்குத்தான் பாதி தெரியாமல் இருந்தது.

பதினாலு வருடத்தில் முதல்தடவையாக அவன் ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தான். யோகா உடம்பை வளைக்கிறதுல இல்லை. வளைக்கிறதுல. அந்த 'ல'தான். அவன் வாழ்நாளெல்லாம் துரத்தித் துரத்தி அடித்த அதே 'ல', நேராகப் போய் 'இன்'னில் நின்றது. தமிழில் யோசித்திருந்தால் போதும். அவள் யோசித்திருக்கிறாள். சரியான விடையை வைத்தும் இருக்கிறாள். இவன் குரல்தான் மதுரைவரை பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்து மாற்ற வைத்திருக்கிறது.

எத்தனை வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற ஒருத்திதான் கண்முன் நின்றாள். வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் உட்கார்ந்திருந்தான். அதில் சந்தேகமே இல்லை.

வந்தவள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். கோவிலில் எல்லாரும் விசாரித்தார்களாம். எங்க வீட்டுக்காரக எழுதிப் போடுறாக, ஆன்சர் கீயவே மாத்தப் போறாக என்று சொல்லிவிட்டாளாம். கடை முதலாளி கருத்தக்கண்ணனும் வழியில் பார்த்து, நம்ம சாரு டெல்லிக்காரனுக்கே இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறாரா என்று கேலி செய்தாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவன் சொல்ல வாயைத் திறந்தான். "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டான்.

மறுநாள் காலையில் மறுப்பை எழுதினான். அகராதிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, முதல் வரியோடு நிறுத்தி, மிச்சத்தை வெட்டிவிட்டான். ஆறு வரியில் விளக்கம் எழுதினான். அதில் ஒரு இலக்கணப் பிழை கிடையாது. அனுப்பிவிட்டு, டிக்சனரியை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, எப்படியும் நிராகரித்துவிடுவார்கள், பழி அவர்கள் தலையோடு போகும் என்று கணக்குப் போட்டான். கணக்கு அவனுக்கு எப்போதுமே வராது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னாச்சு சார் என்று கேட்டார்கள். வகுப்பில் வினைச்சொல் பட்டியல் நடத்தும்போது கன்சிஸ்ட் வந்தால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போனான். சார் ஒண்ண விட்டுட்டீங்க என்று முன் பெஞ்சிலிருந்து குரல் வந்தால் கேட்காததுபோல் இருந்தான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஜெயமேரி மாலையில் கடையிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, தினமும் தவறாமல் கேட்கிற ஒரு கேள்வி.

"சொல்றதுக்கு ஏதும் இருக்குங்களா?"

"இன்னும் வரல மேரி" என்பான். அவள் சரி என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். பாவி மனுசி இப்படி நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று அவனுக்கு உள்ளே அறுக்கும். அவளிடம் முந்தைய சிரிப்பு இல்லை. காத்திருக்கிற கவலை என்று எடுத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது சொல்லிவிடத் துணிந்தான். கிளாரா முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். மலைமேல் மேகம் இறங்கி, சாரல் பிடிக்கப் பார்த்தது. அந்த யோகா கேள்வி இருக்குதே மேரி என்று ஆரம்பித்தான். அவள் சட்டென்று நின்று, முழுசாக அவன் பக்கம் திரும்பினாள். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு ஆவலாக ஒரு முகத்தைப் பார்த்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

"எதுக்கும் மனசத் தேத்தி வச்சுக்க. அவனுக தப்பு பண்ணுனாலும் ஒத்துக்கிரமாட்டானுக" என்றான்.

"அவனுகளா" என்றாள் ஜெயமேரி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். மழை வருகிற அவசரம் என்று அவன் நினைத்தான்.

செப்டம்பர் கடைசியில் இறுதி விடைக்குறிப்பு வந்தது. 'இன்' அப்படியே இருந்தது. பத்தொன்பது பத்தொன்பதாகவே நின்றது. பஸ்ஸில் வரும்போதே அதைப் பார்த்துவிட்ட பீட்டர்ராஜ், வீட்டுக்குள் நுழையும்போது கோபத்தை முகத்தில் ஏற்றிக்கொண்டு நுழைந்தான். அநியாயம், படிக்காத பயலுகளைப் போட்டுக் கேள்வி எடுக்க வைத்திருக்கிறார்கள், ஆதாரத்தைப் பார்க்கவே இல்லை என்று பொரிந்தான். ஜெயமேரி கிளாராவின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் முடிக்கிறவரை கையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

கடையிலேயே பார்த்துவிட்டாயா என்று கேட்டான்.

"இன்னைக்கு வந்தத நான் பாக்கல. அன்னைக்கே பாத்துட்டேன். நீங்க குளிக்கப் போயிருந்தீக. டிக்சனரி தெறந்தமேனிக்குக் கெடந்துச்சு. அனுப்புன படம் போன்ல இருந்துச்சு. ரெண்டாவது வரி அதுல இல்ல."

பீட்டர்ராஜ் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். குரல் ஏறவில்லை, அழவுமில்லை. அழுதிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான்.

"மார்க்கு போனதுக்கு நான் ஒங்கள ஒரு சொல்லுச் சொல்லியிருக்க மாட்டேங்க. மாத்துனது என் கைதான. தெரியாமச் சொல்லிக் குடுத்துட்டேன் மேரின்னு நீங்க சொல்லிருவீகன்னு நெனச்சேன். அதத்தான் தெனமும் கேட்டேன்."

அப்போதுதான் அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கியது. அவள் கேட்டது தேர்வைப் பற்றி அல்ல. அறுபது சாயங்காலம் அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்; அறுபது தடவையும் அவன் இன்னும் வரல என்று சொல்லியிருக்கிறான். இப்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்ல முயன்றான். தப்பு தன்னுடையதுதான் என்றான், பயந்துவிட்டேன் என்றான், ஊரில் சொல்லிவிட்டு வந்து நின்றாயே என்றான். கடைசியாகச் சொன்னது அவள்மேல் பழிபோடுவதுபோல் அவனுக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டான்.

"சரிங்க" என்றாள். சட்டையை மடித்து அடுக்கிவிட்டு, சாப்பிட உட்காரச் சொன்னாள். தட்டில் வைத்ததில் ஒன்றும் குறையில்லை. குழம்பு, பொரியல், அப்பளம்கூட இருந்தது.

மறுநாள் மாலை அவன் சீக்கிரமே வந்து காத்திருந்தான். அவள் வந்தாள், கால் கழுவினாள், அடுப்படிக்குப் போனாள். எதுவும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு அவனிடம் இப்போது எவ்வளவோ இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நாலைந்து பேர் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். முடிவு வந்துவிட்டதாமே, என்ன ஆயிற்று என்று இமானுவேல் கேட்டார். அவர் கோவில் காரியங்களைக் கவனிக்கிற பங்குப் பேரவையில் இருக்கிறவர், பீட்டர்ராஜ் மேல் பெரிய மரியாதை உள்ளவர். இவன் தொண்டையைச் செருமினான். இங்கேயாவது, இத்தனை பேர் முன்னாலாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். அதற்குள் ஜெயமேரி முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரக எழுதுனதுதான் சரி. அவுகதான் ஒத்துக்கிரல."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். இமானுவேல் பீட்டர்ராஜின் தோளைத் தட்டி, ஒங்க படிப்பு அவனுகளுக்கு எங்க தெரியும் சார், மனசத் தளர விடாதீக என்றார். அவன் தலையைக் குனிந்து ஆமாம் என்றான். ஜெயமேரி அவன் பக்கம் திரும்பாமல், கிளாராவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள்.